ஈஸ்ட் ஹாமில் எழுதிய அரசியல் யாப்பு

என் பிள்ளைக்கு,

போன சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ அப்பாவிடம் ஒன்று சொன்னாய். பிலடெல்பியாவில் நீ சேரப்போகும் சட்ட வகுப்புக்காக வாசித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தைப் பற்றித்தான் பேச்சு. "அப்பா, அந்த நாட்டை உண்டாக்கினவை எல்லாரும் பொய்யர். மனிசர் எல்லாரும் சமம் எண்டு எழுதிப்போட்டு வீட்டிலை அடிமை வைச்சிருந்தவை" என்று பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலும் சொல்லிச் சிரித்தாய். அப்பா சோறு மிஞ்சியிருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். "நான் என்ன பிழையாச் சொன்னனான்?" என்று என்னைக் கேட்டாய். "ஒண்டுமில்லை, நீ சாப்பிடு" என்றேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும். நீ பிழையாக எதையும் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர்கள் எங்கள் வீட்டுக் கதைக்குள்ளும் வந்துபோனவர்கள். அந்தக் கதையை நாங்கள் உனக்குச் சொன்னதேயில்லை. வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவில் நிறுத்திவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். விமானத்தில் இருந்து வாசி.

நாங்கள் ஈஸ்ட் ஹாமில் இருந்த காலம் உனக்கு ஓரளவு ஞாபகம் இருக்கும். அப்பா லண்டன் போக்குவரத்தில் வேலை செய்தார். ஊரில் சரித்திரம் படிப்பித்த நான் கவுன்சிலின் வாடகைப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்தேன். எண்பதுகளின் கடைசியில் ஊரில் சண்டை நிற்பதும் தொடங்குவதுமாக இருந்தது. சமாதானம் வந்துவிடும், பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும்போது எங்கள் ஆட்களின் கையில் ஒரு நல்ல அரசியல் யாப்பு இருக்க வேண்டும் என்று சிலர் நினைத்தார்கள். அவர்களுக்குத் தலைமை அருளம்பலம் அண்ணை. ஊரில் பெயர் பெற்ற சட்டத்தரணியாக இருந்தவர். இங்கே செவன் கிங்ஸில் மகளோடு இருந்தார். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு சேலைக் கடைக்கு மேலே இருந்த அறையில் ஞாயிறு பின்னேரங்களில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். அப்பாவும் அதில் ஒருவர். பஷீர் மாமா இன்னொருவர். உனக்கு அவர் முகம் மறந்திருக்கலாம். அப்பாவோடு யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்தவர். இங்கே ஒரு மருந்துக் கடையில் மருந்தாளராக இருந்தார். நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்குக் கருப்பட்டி மணக்கும் வட்டிலப்பம் கொண்டுவருவார். நீதான் முதலில் கரண்டியோடு வந்து நிற்பாய்.

யாப்பு எழுதுவதற்கு முன் மற்ற நாடுகள் எப்படி எழுதின என்று படிக்க வேண்டும் என்று அருளம்பலம் அண்ணை சொன்னார். பிரித்தானியாவோடு சண்டை பிடித்துப் பிரிந்து, வெறும் கையோடு ஒரு நாட்டைக் கட்டியவர்கள் என்பதால் அமெரிக்கர்களிலிருந்து தொடங்கலாம் என்று முடிவாயிற்று. "ரீச்சர், நீங்கள் வந்து எங்களுக்குச் சொல்லித்தர வேணும்" என்று என்னைக் கேட்டார். அந்த வட்டத்தில் பெண்கள் யாரும் இல்லை. நானும் உறுப்பினர் இல்லை. சொல்லிக்கொடுக்க மட்டும் போனேன். நூலகத்திலிருந்து தடித்த புத்தகங்களை எடுத்து வந்து, சமையல் முடித்த பிறகு வாசிப்பேன். பல வருடம் வாடகை நிலுவைகளோடு கிடந்த என் மூளைக்கு அது பெரிய சந்தோஷம். அதை நான் மறைக்கப் போவதில்லை.

அந்த அறையில் நான் சொன்ன கதையை நீ இப்போது பாடமாகப் படிக்கிறாய். சண்டையில் வென்ற பதின்மூன்று அரசுகளும் முதலில் ஒரு தளர்ந்த கூட்டணியாக இருந்தன. பொது அரசுக்கு வரி அறவிட அதிகாரம் இல்லை. சண்டை பிடித்த சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் வழியில்லை. கடனில் மூழ்கி வயலையும் இழந்த கமக்காரர்கள் ஓர் அரசில் துவக்கோடு எழுந்தபோதுதான் எல்லாருக்கும் பயம் பிடித்தது. அதன் பிறகுதான் நீ போகிற அந்த நகரத்தில், ஒரு கோடைகாலம் முழுவதும், பேச்சு வெளியே போகக்கூடாது என்று யன்னல்களை அடைத்துக்கொண்டு, அந்த வெக்கைக்குள் இருந்து புதிய யாப்பை எழுதினார்கள். எங்கள் ஆட்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்தது. பெரிய அரசுகளுக்கும் சின்ன அரசுகளுக்கும் நடந்த இழுபறியைச் சொன்னபோது எல்லாரும் கதிரை நுனியில் இருந்து கேட்டார்கள். இரண்டு சபை வைத்து அதைத் தீர்த்தார்கள் என்றதும் அருளம்பலம் அண்ணை மேசையில் தட்டி, "இதுதான் ராசதந்திரம்" என்றார்.

அடுத்த ஞாயிறு அடிமைகளைப் பற்றிச் சொன்னேன். தெற்கு அரசுகள் அடிமை முறையில் கை வைத்தால் சேரமாட்டோம் என்று நின்றன. ஆனால் சபையில் தங்களுக்குக் கூடுதல் இடம் கிடைப்பதற்காக அந்த அடிமைகளையும் சனத்தொகையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டன. ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று பேசி முடித்தார்கள். வாக்கு இல்லை, உரிமை இல்லை. எண்ணிக்கைக்கு மட்டும் ஆள். அடிமை என்ற சொல்லையே யாப்பில் எழுதாமல் சுற்றி வளைத்து எழுதினார்கள். "அதைத் தள்ளிவைத்ததால்தான் பதின்மூன்றும் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்தன" என்று நான் ஒரு வசனம் சொன்னேன். சரித்திரம் படிப்பிக்கும் எல்லாரும் சொல்கிற வசனம் அது. பஷீர் மாமா கையை உயர்த்தினார். "ரீச்சர், அந்த அறையிலை அவையின்ர ஆக்கள் ஒருத்தரும் இருக்கேல்லையோ?" என்றார். "வேலைக்காரராகக் கூட்டிக்கொண்டு வந்த சிலர் வெளியே நின்றிருப்பார்கள். உள்ளே ஒருவரும் இல்லை" என்றேன். அவர் சிரித்தார். "அப்ப இஞ்சை நான் இருக்கிறது நல்லதாப் போச்சு" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

அவரும் அப்பாவும் சேர்ந்துதான் சிறுபான்மையினர் உரிமை பற்றிய பகுதியை எழுதினார்கள். எங்கள் குசினியில் இருந்துதான் எழுதினார்கள். ஒரு சொல்லுக்காக இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள். "சலுகை எண்டு எழுதாதை மச்சான், உரிமை எண்டு எழுது" என்று பஷீர் மாமா அதட்டுவார். அமெரிக்காவில் உரிமைகளின் பட்டியல் இல்லாமல் யாப்பு எழுதியதால் சிலர் கையெழுத்துப் போட மறுத்ததையும், பிறகுதான் அதைச் சேர்த்ததையும் நான் சொல்லியிருந்தேன். எங்களுடையதில் அது முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் பிடிவாதமாக இருந்தார்கள். அவ்வளவு நம்பிக்கையோடு இரண்டு ஆண்கள் வேலை செய்ததை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு கோடையில் சண்டை திரும்பத் தொடங்கியது. ஊருக்குத் தொலைபேசி இல்லை, தபாலும் ஒழுங்காகப் போகவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் ஒருநாள் நான் வேலையால் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பஷீர் மாமா வந்தார். மழையில் நனைந்திருந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொல்லி, எங்கள் ஆட்களின் பெயரில் சண்டை பிடித்த இயக்கம் அறிவித்துவிட்டது என்றும், யாழ்ப்பாண நகரத்தில் அதற்குச் சில மணி நேரம்தான் கொடுத்தார்கள் என்றும் கொழும்பிலிருந்து அவருடைய மாமனார் தொலைபேசியில் சொல்லியிருந்தார். "உம்மாவை உடுத்த உடுப்போட அனுப்பிப் போட்டாங்கள், மச்சான்" என்று அப்பாவிடம் சொன்னார். "தங்கச்சியின்ர காதிலை கிடந்த தோட்டையும் கழட்டி வாங்கினவங்களாம். ஆர் வாங்கினது தெரியுமே? எங்கட ஒழுங்கையிலை இருந்த பெடியன்." அப்பா அவருடைய கையைப் பிடித்தார். பஷீர் மாமா கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

அடுத்த ஞாயிறு வட்டம் கூடியது. நடந்தது பிழை, திருப்பி எல்லாரையும் குடியேற்ற வேண்டும் என்று எல்லாருடைய பெயரும் போட்டு இங்குள்ள தமிழ்ப் பத்திரிகையில் ஓர் அறிக்கை விட வேண்டும் என்று அப்பா கேட்டார். அந்த அறையில் இருந்த யாரும் நடந்தது சரி என்று சொல்லவில்லை. இதை நீ கவனிக்க வேண்டும். எல்லாரும் கவலைப்பட்டார்கள். ஒருவர் அழுதார். ஆனால் அறிக்கை என்றதும் நிலத்தைப் பார்த்தார்கள். அருளம்பலம் அண்ணை மெல்லிய குரலில், மிகவும் மரியாதையாகப் பேசினார். "பஷீர், உம்முடைய மனம் எங்களுக்கு விளங்குது. ஆனா இது அதுக்கு நேரமில்லை. சண்டை நடக்கேக்கை நாங்கள் பிரிஞ்சு நிண்டா எல்லாம் போயிடும். முதல்லை நாடு, பிறகு இந்தக் குறைகளைத் தீர்ப்பம். ரீச்சரே சொன்னவதானே, அவையள் அதைத் தள்ளிவைச்சபடியாத்தான் அவைக்கு ஒரு நாடு கிடைச்சது."

 நான் உறுப்பினர் இல்லாவிட்டாலும் எழுந்து நின்றேன். "அண்ணை, நான் மிச்சத்தை இன்னும் சொல்லேல்லை" என்றேன். "தள்ளிவைச்சது எங்கையும் போகேல்லை. பேரப்பிள்ளையளின்ர காலத்திலை அந்த நாடு ரெண்டாப் பிளந்து சொந்தச் சகோதரங்களைச் சுட்டது. அதுவரைக்கும் அந்த அடிமையள் காத்துக்கொண்டுதானே இருந்தவை?" அவர் தலையாட்டினார். "அது அவையின்ர கதை, தங்கச்சி" என்றார். அதுவரை என்னை ரீச்சர் என்று கூப்பிட்டவர் அன்றைக்குத்தான் முதல்முறை தங்கச்சி என்றார். அறிக்கையை வாக்குக்கு விட்டார்கள். அப்பா கை உயர்த்தினார். வேறு ஒருவரும் உயர்த்தவில்லை. "பஷீர், நீரும் உறுப்பினர்தானே, உம்முடைய வோட்?" என்று அருளம்பலம் அண்ணை நியாயமாகத்தான் கேட்டார். பஷீர் மாமா எழுந்தார். "என்ர உம்மா தன்ர வீட்டிலை இருக்கலாமோ எண்டதுக்கு நான் வோட் போடோணுமோ, அண்ணை?" என்றார். கோட்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அப்பா பின்னால் ஓடினார். தெருவில் பிடித்தாராம், பஸ் தரிப்பு வரை சேர்ந்து நடந்தார்களாம்.

அதன் பிறகு அப்பாவும் நானும் அந்த அறிக்கையை எங்கள் இரண்டு பேருடைய பெயரில் எழுதினோம். பெரிய பத்திரிகை போடவில்லை. ஒரு சின்னப் பத்திரிகை போட்டது. முதலில் யாரோ தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசாமல் வைத்தார்கள். பிறகு இயக்கத்துக்கு இங்கே வேலை செய்த இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து, நான் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்தார்கள். ஒருவர், "அண்ணை, உங்கட தம்பி இன்னும் ஊரிலைதானே இருக்கிறார்?" என்று மட்டும் கேட்டார். அப்பா "ஓம்" என்றார். அவ்வளவுதான். சில வாரங்களில், உன் சித்தப்பாவை இயக்கம் விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று கொழும்பு வழியாகச் செய்தி வந்தது.

பல மாதம் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிடாமல் படுப்பார். ஹை ஸ்ட்ரீட்டில் தெரிந்தவர்கள் எங்களைக் கண்டால் கடைக்குள் போய்விடுவார்கள். அப்போதுதான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் டூட்டிங்குக்கு வீடு மாறினோம். பள்ளிக்கூடத்தை விட்டு வரமாட்டேன் என்று நீ அழுதாய். அப்பாவுக்கு இங்கிருந்து வேலைக்குப் போவது சுலபம் என்று உனக்குச் சொன்னோம். சித்தப்பா அடுத்த வருடம் வெளியே வந்தார். இடது காது கேட்காமல் போயிருந்தது. "எங்களுக்கு இனி ஒண்டும் எழுதாதையுங்கோ" என்று சித்தி யாரிடமோ சொல்லி அனுப்பினா. பிறகு அவர்கள் ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அப்பா எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தார். சித்தப்பா தொலைபேசிக்கு வரவில்லை. காது கேட்காதவரோடு தொலைபேசியில் கதைப்பது கஷ்டம் என்று உனக்கு நாங்கள் சொன்ன காரணம் பாதிதான் உண்மை.

வட்டம் கலைந்தது. யாப்பு முடியவில்லை. ஆனால் நான் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்காமல் வாசித்துக்கொண்டேயிருந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாட்டை உண்டாக்கிச் சில வருடங்களுக்குள்ளேயே, இரண்டாவது சனாதிபதியின் காலத்தில், அரசாங்கத்தைக் குறை சொல்லி எழுதுவோரைச் சிறையில் போட அவர்கள் சட்டம் போட்டதை அப்போதுதான் கவனமாக வாசித்தேன். பத்திரிகைக்காரர்கள் சிறைக்குப் போனார்கள். சபை உறுப்பினர் ஒருவரையும் போட்டார்கள். அவருடைய ஊர்ச் சனம் அவர் சிறைக்குள் இருக்கும்போதே அவரைத் திருப்பித் தெரிவு செய்தது. அந்தப் பக்கத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய்விட்டார். பிறகு தேர்தல் வந்து அந்தச் சனாதிபதி தோற்றார். புதியவர் பதவியேற்கும் நாளில், அதைப் பார்க்க மனமில்லாமல் விடியுமுன் வண்டியேறிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டுதான் போனார். ஆனாலும் போனார். தோற்றவர் உயிரோடு வீட்டுக்குப் போகலாம், வென்றவர் அவருடைய தம்பியைத் தேடிப் போகமாட்டார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் குளிர்காலத்தில்தான் எனக்கு விளங்கியது.

அதனால்தான் அவர்களைப் பொய்யர் என்று நீ சொன்னபோது எனக்கு அந்தச் சொல் போதவில்லை. பொய்யனுக்கு வெட்கம் இருக்காது. இவர்கள் அடிமை என்ற சொல்லை எழுத வெட்கப்பட்டார்கள். அந்த வெட்கத்தோடேயே கையெழுத்தும் போட்டார்கள். அருளம்பலம் அண்ணையும் கெட்டவர் இல்லை. தன் சொந்தப் பணத்தில் எத்தனையோ அகதிப் பிள்ளைகளுக்கு வழக்குப் பார்த்தவர். நல்ல மனிதர்கள், நியாயமான குரலில், இன்னொருவருடைய துன்பத்தைக் கொஞ்சம் பொறு என்று சொல்வதைத்தான் நான் அந்த அறையில் கண்டேன். நீ சட்டம் படித்துப் பெரிய அறைகளில் இருக்கப் போகிறவன். அங்கே உன்னைக் கெட்டவனாக இரு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லித்தான் கேட்பார்கள். அப்போது நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. சரியானதைச் சொல் என்று எழுதிவிட்டுப் போக எனக்குக் கை வரவில்லை. சரியானதைச் சொன்ன உன் அப்பாவைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பஷீர் மாமா வடக்கே லெஸ்டர் பக்கம் போய்விட்டார். அவருடைய உம்மா புத்தளத்தில் அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில் இருந்து, அங்கேயே காலமாகிவிட்டா. சித்தப்பாவுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டு பஷீர் மாமா ஒருமுறை எங்களிடம் வந்தார். "நான் எழுதச் சொல்லிக் கேட்கேல்லையே, மச்சான்" என்று சொல்லிவிட்டு அழுதார். நன்றி சொன்னாரா, குறை சொன்னாரா என்று எனக்கு இன்றும் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டு பேரும் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து அட்டை அனுப்புகிறார்கள். அதற்கு மேல் இல்லை.

இன்று காலை அப்பாவிடம், "திருப்பி அந்த நேரம் வந்தா எழுதுவியளோ?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் கேட்காத கேள்வி. அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். "எழுதுவன்" என்றார். மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, "தம்பியிட்டை ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டு எழுதியிருப்பன்" என்றார். "அப்ப லைன் இருக்கேல்லையே" என்றேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

பிலடெல்பியாவிலிருந்து ரொறன்ரோ ஓர் இரவு பஸ் பயணத் தூரம்தானாம். முதல் விடுமுறைக்கு அங்கே போ. எங்களுக்காக மன்னிப்புக் கேட்கப் போகாதே. அது நாங்கள் செய்ய வேண்டியது. அப்பா செய்தது சரி என்று வாதாடவும் போகாதே. நான் இதில் எழுதியிருப்பது எல்லாம் லண்டனில் இருந்து எங்களுக்குத் தெரிந்தது மட்டும். அவருக்கு நடந்தது என்ன என்று அவரிடம் இதுவரை எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நீ கேள். அவருடைய வலது பக்கமாக இரு, கேட்கும். அவர் சொல்லி முடிக்கும்வரை ஒன்றும் சொல்லாதே.

உன் நலச் செய்திக்காகக் காத்திருக்கும்
அம்மா